கடற்கரைப் பக்கம் ஓடச் சொன்னவள்

என் பின்னால் வந்துகொண்டிருந்த ஒருவனை நான் இன்னொரு பெண்ணின் தலையில் கட்டிவிட்டேன்.

இதைக் கொஞ்சம் கௌரவமாகச் சொல்ல ஏதாவது வழி இருக்கிறதா என்று இரண்டு வருடங்களாகத் தேடிப் பார்த்துவிட்டேன். இல்லை! எச்சரிக்கத் தவறிவிட்டேன் என்று எழுதலாம். மறந்துபோய்விட்டேன் என்றும் எழுதலாம். இரண்டும் பொய். நான் எதையும் மறக்கவில்லை... வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான். தெரிந்துகொண்டே திறக்கவில்லை.

நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். என்னைத் தெரிந்தவர்களிடம் சொல்லும் துணிவு இருந்திருந்தால் இந்தக் கொப்பியும் பேனையும் எதற்கு?

நான் பேசாலையில் இருக்கிறேன். வயது முப்பத்தாறு. கணவர் அன்ரன் படகு எஞ்சின்கள் திருத்துகிறவர். இரண்டு பிள்ளைகள். ஊரிலேயே ஒரு சிறிய கந்தோரில் எனக்கு எழுதுவினைஞர் வேலை. இளையவன் பிறந்த பிறகு இரத்தத்தில் சீனி கூடிவிட்டது. "நடவுங்கோ தங்கச்சி, இல்லாட்டி ஊசியில கொண்டுபோய் விடும்" என்றார் டொக்டர். நடக்கத் தொடங்கினேன். அந்த நடை எந்த நாளில் ஓட்டமாக மாறியது என்று எனக்கே தெரியாது. காலில் ஒரு சோடிச் சப்பாத்து, அன்ரனின் பழைய ரீசேட், அதற்கு மேல் மானத்துக்கு ஒரு சால்வை. விடிய ஐந்தரைக்கு வெளிக்கிட்டால் ஆறேகாலுக்கு வீடு.

அந்த முக்கால் மணித்தியாலம் எனக்கு என்னவென்று உங்களுக்கு எப்படி விளங்கவைப்பேன்? அந்த நேரத்தில் என்னை யாரும் கூப்பிடுவதில்லை. அம்மா என்று இல்லை, இஞ்சேரும் என்று இல்லை, மிஸ் என்று இல்லை. மூச்சும் காலும் மட்டுந்தான். முதன்முதலாக ஐந்து கிலோமீற்றர் நிற்காமல் ஓடிய அன்று வீட்டு வாசற்படலையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். சந்தோசத்தில்! கலியாணத்தன்று கூட நான் அப்படி அழவில்லை.

ஆனால் அது மருந்து என்ற பெயரில்தான் எனக்குக் கிடைத்தது. டொக்டர் சொன்னபடியால் அன்ரன் விட்டார், அன்ரன் விட்டபடியால் ஊர் விட்டது. ஓடும்போது கரையில் வலை தட்டுகிறவர்கள், "என்னக்கா, ஆரும் துரத்துறாங்களோ?" என்று பகிடி விடுவார்கள். "ஓமடா, சீனி துரத்துது!" என்பேன். எல்லாரும் சிரிப்போம். இந்த அளவுக்கு ஊர் என்னைச் சகித்துக்கொண்டதே பெரிய காரியம் என்றுதான் இருந்தேன்.

பிறகு உண்மையாகவே ஒருவன் துரத்தத் தொடங்கினான்.

மோட்டார் சைக்கிளின் பின்னால் மீன்பெட்டி கட்டியவன். தலையில் எப்போதும் ஹெல்மெட். விடியற்காலையில் கரைக்கு மீன் வாங்க இப்படி எத்தனையோ பேர் வருவார்கள், யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. இவன் மட்டும் என் பின்னால் வரும்போது வேகத்தைக் குறைப்பான். முதல் கியரில் உறுமிக்கொண்டு, என் நடையளவுக்கு... ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். பிறகு பக்கத்தில் வந்து ஏதாவது சொல்லிவிட்டுப் போவான். என்ன சொன்னான் என்று நான் இங்கே எழுதப்போவதில்லை. பெண்ணாக இருந்தால் உங்களுக்கே தெரியும்.

நான் என்ன செய்தேன்? தனியே ஓடுகிற பெண் செய்வதையெல்லாம் செய்தேன். வீட்டுப் பூட்டின் திறப்பை விரல்களுக்கு இடையில் பிடித்துக்கொண்டு ஓடினேன். பாட்டுக் கேட்பதை நிறுத்தினேன். ஒரு நாள் ஐந்தரை, ஒரு நாள் ஐந்தே முக்கால் என்று நேரத்தை மாற்றினேன். எந்த மீனவர் வாடியில் யார் இருப்பார்கள், எந்த வீட்டில் வெள்ளன லைட் எரியும் என்று ஒவ்வொரு நூறு மீற்றருக்கும் கணக்கு வைத்துக்கொண்டேன். உங்களைச் சிரமப்படுத்தாமல் சொல்கிறேன்: ஓட்டத்தில் பாதி கால்களால் அல்ல, இந்தக் கணக்கினால்தான் ஓடப்படுகிறது.

ஒன்றை மட்டும் செய்யவில்லை. யாரிடமும் சொல்லவில்லை!

ஏன் சொல்லவில்லை? அன்ரனிடம் சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அவர் நல்ல மனிதர். இரண்டு நாள் அவனைத் தேடுவார். மூன்றாம் நாள், "இஞ்ச பார், இனி வளவுக்குள்ள நட, காணும்" என்பார். அவன் ரோட்டில் திரிவான், நான் வீட்டு வளவுக்குள் நடப்பேன். இதுதான் எங்கள் ஊர்த் தீர்ப்பு. உங்கள் ஊரில் வேறு விதமா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரு மூளையில்லாத யோசனை வந்தது. எங்கள் மாதா கோயிலில் முதற்பூசை ஆறு மணிக்கு. ஐந்து மணிக்கே வெளிக்கிட்டு ஓடி முடித்துவிட்டுக் கோயிலுக்குப் போனால் என்ன? போனேன். கடற்கரை ஒழுங்கையில் இறங்கிய பிறகுதான் உறைத்தது. எங்கள் ஊர்க்காரர் சனிக்கிழமை பின்னேரம் தொழிலுக்கு இறங்குவதில்லை. ஞாயிறு கர்த்தருடைய நாள். அதனால் ஞாயிறு விடிய ஒரு படகும் கரைக்கு வராது. படகு வராவிட்டால் மீன் இல்லை, ஏலம் இல்லை, லொறி இல்லை, தேத்தண்ணிக் கொட்டில் இல்லை. மற்ற ஆறு நாளும் திருவிழா மாதிரி இருக்கும் கரையில் அன்றைக்கு இழுத்துவிட்ட படகுகளும் நாய்களும் மட்டுந்தான்.

அவன் நின்றான். கடைசி வாடியைத் தாண்டி, பனங்காணியும் முள்வேலியும் ஒரு பக்கம், கடல் ஒரு பக்கமாக ஒழுங்கை ஒடுங்குகிற இடத்தில், மோட்டார் சைக்கிளைக் குறுக்காக விட்டுக்கொண்டு நின்றான். மீன் இல்லாத நாளில் மீன்பெட்டியோடு வந்து நிற்கிறவன் எதற்காக வந்திருக்கிறான்?

குனிந்து மணலை அள்ளி அவன் முகத்தைப் பார்த்து எறிந்துவிட்டுத் திரும்பி ஓடினேன். அப்படி ஓர் ஓட்டம் நான் அதற்கு முன்னும் ஓடவில்லை, பின்னும் ஓடவில்லை. வீட்டுக்குப் போகவில்லை. மூச்சு வாங்கக் கோயிலுக்குள் போய்க் கடைசி வாங்குப் பலகையில் இருந்தேன். பக்கத்தில் இருந்தவள் என் காற்சட்டையைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். அன்றைக்கும் நான் மூச்சு விடவில்லை.

அதன்பின் கடற்கரைப் பக்கத்தையே விட்டேன். தலைமன்னார் வீதியால் ஓடினேன். பத்து நாளில் அங்கேயும் வந்துவிட்டான்! அது அகலமான ரோட்டு, பஸ் போகும் ரோட்டு, கிட்ட வரமாட்டான். ஆனால் வருவான். வாரத்தில் இரண்டு நாள், மூன்று நாள், தூரத்தில், அதே முதல் கியரில். அப்போதும் ஓட்டத்தை விடவில்லை. எவ்வளவு பிடிவாதம் பார்த்தீர்களா எனக்கு!

அந்த நேரத்தில்தான் துஷ்யந்தி வந்தாள்.

இலுப்பைக்கடவைப் பிள்ளை. வயல் செய்கிற குடும்பம், சைவ சமயம். இருபத்தைந்து வயது. எங்கள் கந்தோருக்கு நியமனம் கிடைத்து, கோயிலுக்குப் பக்கத்தில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு தங்கியிருந்தாள். வெள்ளிக்கிழமை பின்னேரம் பஸ் ஏறி ஊருக்குப் போவாள், திங்கட்கிழமை காலை ஒரு பை கத்தரிக்காயோடு வருவாள். வாய் ஓயாத பிள்ளை. வந்து இரண்டாம் கிழமை என் மேசைக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தாள்.

"அக்கா, நீங்கள் விடிய ஓடுறனீங்களாம். நானும் பள்ளிக்கூடத்தில ஆயிரத்தைஞ்நூறு மீற்றர் ஓடினனான். இஞ்ச ஓடினால் ஆரும் ஏதும் சொல்லுவினமோ எண்டு பயந்துகொண்டு இருந்தனான். எந்தப் பக்கம் ஓடினாப் பயமில்லை?"

எந்தப் பக்கம் ஓடினால் பயமில்லை... ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் கேட்கக்கூடிய கேள்விகளில் இதைவிடப் பெரிய நம்பிக்கை உள்ள கேள்வி எது? ஊரில் இதற்குப் பதில் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

"கடற்கரைப் பக்கம் ஓடும் பிள்ளை," என்றேன். "அது போட் வாற நேரம். சனம் நிறைய நிக்கும். ஒரு பயமுமில்லை."

"நீங்களும் அங்காலையோ?"

"நான் ரோட்டால. மணலுக்க எனக்குக் கால் புதையும்."

"அப்ப சேர்ந்து ஓடுவமே அக்கா?"

"உம்மட வேகத்துக்கு நான் எங்க பிள்ளை!"

சிரித்தேன். அவளும் சிரித்தாள். திறப்பைக் கையில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். காதில் பாட்டுப் போட வேண்டாம் என்றேன். போனை வீட்டில் விட்டுவிட்டு வர வேண்டாம் என்றேன். சின்னச் சின்ன உபாயங்கள் எல்லாவற்றையும் ஒரு மூத்த சகோதரி மாதிரிச் சொல்லிக் கொடுத்தேன். "நீங்கள் இல்லாட்டி எனக்கு ஆரக்கா இதெல்லாம் சொல்லித் தருவினம்!" என்றாள். அவனைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

அந்த நிமிடத்தில் என் மனதில் என்ன இருந்தது? இதைத்தான் நான் தினமும் தோண்டுகிறேன். சொன்னால் அவள் யாரிடமாவது சொல்வாள், அது அன்ரனின் காதுக்கு வரும், என் ஓட்டம் போய்விடும் என்ற பயம் இருந்தது. அதை ஒத்துக்கொள்வது சுலபம். அதற்குக் கீழே இன்னொன்று இருந்ததா? இரண்டு பாதை, இரண்டு பெண், அவன் ஒருவன்... இப்படி ஒரு கணக்கு என் தலைக்குள் ஓடியதா? ஓடவில்லை என்று சத்தியம் செய்ய எனக்கு வாய் வரவில்லை.

அவள் ஓடத் தொடங்கிய மூன்றாம் கிழமை, என் பின்னால் கேட்கும் அந்தச் சத்தம் நின்றுபோனது.

முதலில் நம்பவில்லை. திரும்பித் திரும்பிப் பார்த்தேன். ஒரு வாரம், பிறகு இன்னொரு வாரம்! ரோட்டில் பனிக்காற்றும் நானும் மட்டும். பிறகு ஒரு வியாழக்கிழமை விடிய, சந்தியில் அவனைக் கண்டேன். என்னை அவன் பார்க்கவேயில்லை. கடற்கரை ஒழுங்கைக்குள் சைக்கிளைத் திருப்பினான்.

நான் நின்றேனா? அவளுக்கு ஒரு போன் கோல் எடுத்தேனா? கேளுங்கள், கேட்டுவிட்டுக் காறித் துப்புங்கள். நான் ஓடினேன். மனம் இலேசாக இருந்தது. வீட்டுக்கு வந்து போனில் நேரத்தைப் பார்த்தேன். ஐந்து கிலோமீற்றரை அதுவரை அவ்வளவு விரைவாக நான் ஓடியதில்லை. அதை அன்ரனிடம் காட்டிப் பெருமையும் அடித்தேன்.

கந்தோரில் அவளைப் பார்க்கும்போது ஒவ்வொரு நாளும் முகத்தைக் கவனிப்பேன். ஒருநாள் அவளே சொன்னாள்: "ஒரு மீன்பெட்டிக்காரன் சும்மா வேகத்தைக் குறைச்சுக் குறைச்சுப் போறான் அக்கா. ஆனா சனம் நிக்கிறபடியால் பயமில்லை." நான் பைலுக்குள் தலையை விட்டுக்கொண்டு, "அப்பிடித்தான் சிலதுகள். கணக்கெடுக்காதையும்" என்றேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாசல் தானாகத் திறந்து கிடந்தது, நான் இழுத்துச் சாத்தினேன்.

இப்போது அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

திங்கட்கிழமை அவளுக்கு மன்னார் டவுனில் ஒரு பயிற்சி வகுப்பு. அதனால் அந்தக் கிழமை ஊருக்குப் போகவில்லை. பின்னேரம் கந்தோர் பூட்டும் நேரத்தில் சொன்னாள்: "ஞாயிற்றுக்கிழமை நீட்டா ஒரு பத்துக் கிலோமீற்றர் ஓடப்போறன் அக்கா. விடிய ஐஞ்சரைக்கு இறங்கினா வெயிலுக்கு முந்தி முடிச்சிடலாம்."

அவளுக்குத் தெரியாது! எப்படித் தெரியும்? வயலுக்கு ஞாயிறு தெரியாது. தண்ணீர் கட்டுவதும் களை பிடுங்குவதும் நாள் பார்த்து நிற்பதில்லை. அவள் எங்கள் கரையை ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடக் கண்டதில்லை. அவள் கண்டதெல்லாம் சனமும் சத்தமும் நிறைந்த கரையை. அன்றைக்கு அங்கே ஒரு காகம்கூட இராது என்று அவளுக்குச் சொல்ல ஒரே ஒரு வசனம் போதும். ஞாயிற்றுக்கிழமை போட் வராது பிள்ளை, போகாதேயும். இவ்வளவுதான்.

நாக்கின் நுனிவரை வந்தது. சொன்னால், "அப்ப ரோட்டால வாறன், உங்களோட" என்பாள். அவள் ரோட்டுக்கு வந்தால் அவனும் ரோட்டுக்கு வருவான்... "கவனமாப் போயிட்டு வாரும்" என்றேன். கைப்பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். சனிக்கிழமை முழுவதும் போன் என் கையில்தான் இருந்தது.

ஞாயிறு முதற்பூசையில் வேதப் புத்தகத்திலிருந்து முதலாம் வாசகம் வாசிக்கிற முறை எனக்கு. எங்கள் கோயிலில் பூசை ஒலிபெருக்கியில் போகும். வீட்டில் கிடக்கும் வருத்தக்காரருக்கும் கேட்க வேண்டும் என்று கோபுரத்தில் கட்டியிருக்கிறார்கள். கரை முழுவதும் கேட்கும். நான் சேலை உடுத்துக்கொண்டு போய் வாசக மேடையில் நின்றேன். பக்கக் கதவு திறந்திருந்தது. அதனூடாகக் கடல் தெரிந்தது. வெறுங்கடல். ஒரு படகும் இல்லை.

அப்போது நினைத்தேன். அவள் இந்த நேரம் அங்கே என்று நினைத்தேன். வாசித்துக்கொண்டிருந்த சொல் தொண்டையில் தடக்கியது. இருமினேன். மறுபடி அதே வரியைத் தொடக்கத்திலிருந்து வாசித்தேன்.

வாசித்து முடித்து, புத்தகத்தை மூடி, பீடத்துக்கு முன்னால் தலை வணங்கி, வந்து என் இடத்தில் இருந்தேன். எழும்பி வெளியே போயிருக்கலாம். பிரசங்கம் நடந்தது. எழும்பவில்லை. காணிக்கை எடுத்தார்கள். எழும்பவில்லை. எழும்பினால் எல்லாரும் பார்ப்பார்கள், பிறகு கேட்பார்கள்... வரிசையில் போய் நற்கருணை நன்மை வாங்கினேன். ஐயோ, அந்த நாக்கை நீட்டி நன்மையும் வாங்கினேன்!

பூசை முடிந்து சனம் வெளியே வந்தபோது கரைப் பக்கமிருந்து யாரோ கத்திக்கொண்டு வந்தார்கள். ஒரு பெண் பிள்ளை கடலுக்குள் நிற்கிறது என்று.

அவன் அதே ஒடுங்கிய இடத்தில்தான் மறித்திருக்கிறான். கையைப் பிடித்திருக்கிறான். ரீசேட் தோளோடு கிழிந்திருக்கிறது. போன் மணலில் விழுந்திருக்கிறது. திறப்பால் குத்திவிட்டு உதறிக்கொண்டு ஓடியிருக்கிறாள். ஒரு பக்கம் முள்வேலி, பின்னால் அவன்... கடலுக்குள் இறங்கிவிட்டாள். எங்கள் வடக்குக் கரை ஆழமில்லாத கடல். நெஞ்சளவு தண்ணீர் வேண்டுமென்றால் வெகுதூரம் நடக்க வேண்டும். நீந்தத் தெரியாத வயற்காட்டுப் பிள்ளை, சப்பாத்தும் கழன்று சிப்பியில் பாதம் இரண்டாகப் பிளக்க, அந்தத் தூரம் நடந்து போய் நின்றிருக்கிறாள். அவன் கரையில் சைக்கிளில் சாய்ந்துகொண்டு, வா வா என்று கையைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறான். ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். கோயிலிலிருந்து முதல் ஆட்கள் வெளியே வந்த பிறகுதான் போயிருக்கிறான்.

பின்னேரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பாதத்தில் தையல் போட்டிருந்தார்கள். உதடு வெடித்திருந்தது. என்னைக் கண்டதும் இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"கத்தினனான் அக்கா. பூசைச் சத்தத்தில ஒருத்தருக்கும் கேக்கேல்லை. தண்ணி மூக்குக்கு வந்து வந்து போகுது. இனி ஏலாது, விட்டிடுவம் எண்டு நினைக்கேக்குள்ள உங்கட குரல் கேட்டது. உங்கட குரலேதான்! ஒரு இடத்தில தடக்கிப்போட்டுத் திரும்ப வாசிச்சனீங்கள், என்ன? அக்கா அங்க நிக்கிறா, இன்னும் கொஞ்ச நேரத்தில பூசை முடிஞ்சு வந்திடுவா எண்டு நினைச்சு நினைச்சுத்தான் நிண்டனான்."

நான் என்ன செய்ய வேண்டும், சொல்லுங்கள்! அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்காலில் விழுந்திருக்க வேண்டும். அவள் கையைத் தடவிக்கொண்டு, "சரி பிள்ளை, சரி, கதைக்காதையும்" என்றேன். அவள் என் கையை நித்திரையாகும்வரை விடவில்லை.

மறுநாள் பொலிஸ் வந்தது. ஊரில் ஓடுகிற மற்றப் பெண் நான்தானே. தமிழ்ப் பொலிஸ்காரர், மரியாதையாகத்தான் கேட்டார். "அந்தப் பிள்ளைக்கு மீன்பெட்டி கட்டின சைக்கிள் எண்டு மட்டுந்தான் தெரியும். அப்பிடி இஞ்ச நூறு சைக்கிள் இருக்கு. நீங்கள் ஆரையும் சந்தேகப்படுற மாதிரிக் கண்டனீங்களோ?"

அன்ரன் பக்கத்தில் நின்றார். எனக்கு அந்தச் சைக்கிளின் இலக்கம் மனப்பாடம். மாதக்கணக்கில் பயந்தவளுக்கு மனப்பாடமாகாமல் இருக்குமா? எழுத்தும் நான்கு இலக்கமும் அப்போதும் என் கண்ணுக்கு முன்னால் நின்றன. சொன்னால் அடுத்த கேள்வி, எப்போதிருந்து தெரியும் என்பதுதான்.

"இல்லை," என்றேன். "நான் ஒருத்தரையும் காணேல்லை."

அவர் எழுதிக்கொண்டார். நான் கையெழுத்து வைத்தேன்.

இதோடு முடிந்தது என்றா நினைக்கிறீர்கள்? இன்னும் இருக்கிறது. பொலிஸ் போன பிறகு அன்ரன் சொன்னார், "பாத்தியோ? இதுக்குத்தான் சொல்லுறது. நாளையிலயிருந்து நீயும் நிப்பாட்டு." அப்போது நான் சண்டை பிடித்தேன். எப்படித் தெரியுமா? "நான் ரோட்டால போறனான். அவள் ஊர் பேர் தெரியாத பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை தனியக் கடற்கரைக்கு ஆரும் போவினமோ? அவளின்ர பிழைக்கு நான் ஏன் நிப்பாட்ட வேணும்?" என்று கேட்டேன். அவளின் பிழை! அதே சொற்களைத்தான் அடுத்த நாள் தண்ணீர்க் குழாயடியில் ஊரும் சொன்னது. ஊர் அறியாமல் சொன்னது. நான் அறிந்து சொன்னேன். அந்தச் சண்டையில் நான் வென்றுவிட்டேன்.

அவள் திரும்பக் கந்தோருக்கு வரவில்லை. இடமாற்றம் எடுத்துக்கொண்டு ஊர்ப் பக்கம் போய்விட்டாள். சாமான் ஏற்ற அவளுடைய தகப்பன் வந்தார். வெயிலில் கறுத்து மெலிந்த மனிதர். என் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, ஒரு சாக்குப் பையை இறக்கி வைத்தார். "எங்கட வயல் அரிசி பிள்ளை. அந்நிய ஊரில என்ர பிள்ளைக்கு நீங்கள் ஒராள்தான் இருந்தனீங்கள் எண்டு சொல்லுவாள்" என்றார். கையெடுத்தும் கும்பிட்டார். அந்த அரிசியைத்தான் இரண்டு மாதம் சமைத்தோம். நல்ல அரிசி என்று அன்ரன் இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டார். எனக்கு இறங்கவில்லை. ஆனாலும் சாப்பிட்டேன், வேறு என்ன செய்ய?

மாதத்துக்கு ஒருமுறை கோயிலில் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்கிறேன். பிள்ளைகளுக்கு அடித்தது, மாமியோடு கோபித்தது, பூசைக்குப் பிந்தியது எல்லாம் சொல்கிறேன். இதைச் சொல்வதில்லை. சொன்னால் சுவாமி பத்து அருள்நிறை மந்திரம் சொல்லச் சொல்லி மன்னித்து அனுப்பிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. அவ்வளவு மலிவாக எனக்கு அது வேண்டாம். அல்லது, பொலிசுக்குப் போய் உண்மையைச் சொல் என்று அவர் சொல்லிவிடுவாரோ என்றுதான் பயமோ... சீ! எனக்கு என்னையே நம்ப முடியவில்லை.

அந்த ஞாயிற்றுக்குப் பிறகு அவனை எங்கள் ஊர்ப் பக்கம் காணவில்லை. செத்துப்போயிருக்க மாட்டான். வேறு ஏதோ ஓர் ஊரில், வேறு ஏதோ ஒரு கரையில், முதல் கியரில் போய்க்கொண்டிருப்பான். அங்கே ஒரு பெண் ஓடாமல் இருக்க மாட்டாள். பொலிஸ் நிலையம் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகக்கூடிய தூரம். நான் ஓடினால் இன்னும் கெதியாகப் போய்விடலாம்.

போன மாதம் துஷ்யந்தி கோல் எடுத்தாள். குரல் மெலிந்திருந்தது. அந்த வாய் ஓயாத பிள்ளை, கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். கலியாணம் பேசுகிறார்களாம், அந்தச் செய்தி கேள்விப்பட்டு இரண்டு இடம் தட்டிப்போய்விட்டதாம்.

"இப்பவும் ஓடுறனீங்களோ அக்கா?"

"ஓம் பிள்ளை."

"நான் வளவுக்குள்ள கிணத்தைச் சுத்தி நடக்கிறன். அப்பா படலைக்கு வெளியில விடுறேல்லை. அவரிலயும் பிழையில்லை." பிறகு கேட்டாள்: "அவன் பிடிபட்டானோ அக்கா?"

"இல்லைப் பிள்ளை," என்றேன். "சைக்கிள் நம்பர் ஒருத்தருக்கும் தெரியாதாம்."

இந்த வாயால்தான் சொன்னேன். குரல் தடக்கவே இல்லை.

"சரி, விடுங்கோ," என்றாள். "நீங்கள் கவனமா ஓடுங்கோ அக்கா."

மறுநாள் விடிய நான் ஓடினேன். கவனமாகத்தான் ஓடினேன்.